மணாலி–லே பயணம்: எந்தக் கருவிகள், எந்தக் குளிராடைகள்? இரண்டு வண்டிகள், 38 கிலோ சுமை

அடையாறு 411 | ஜூலை 12

அனைவருக்கும் வணக்கம். வருகிற செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் என் தம்பியும் மணாலியிலிருந்து சார்ச்சு, பாங் வழியாக லடாக்கிலுள்ள லேவுக்கு மோட்டார் சைக்கிளில் செல்லவிருக்கிறோம். என்னுடையது 2021ஆம் ஆண்டு வாங்கிய ஹிமாலயன் 411. தம்பியுடையது எக்ஸ்பல்ஸ் 200. வண்டிகளைச் சென்னையிலிருந்து ரயிலில் தில்லிக்கு அனுப்பிவிட்டு நாங்கள் விமானத்தில் செல்கிறோம். ஏற்காட்டின் டிசம்பர் மாதத்தைத் தவிர வேறு குளிரை நாங்கள் அறிந்ததில்லை என்பதால், கேள்விப்பட்டதையெல்லாம் சேர்த்து இரண்டு பட்டியல்கள் எழுதினோம். கருவிகளும் உதிரிப் பாகங்களும் 14 கிலோ, குளிராடைகள் 24 கிலோ வந்திருக்கின்றன. இவற்றில் நான்கு கம்பளி ஸ்வெட்டர்களும், பருத்தித் தெர்மல்கள் (குளிருக்கான உள்ளாடைகள்) நான்கு ஜோடியும், முழு ஸ்பேனர் செட் ஒன்றும், மூன்று அளவு டியூப்களும் அடக்கம். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று இந்தச் சாலையில் ஓட்டியவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

நீலகிரி வழி | ஜூலை 12

தம்பி, பட்டியல் இரண்டையும் படித்தேன். கருவிகளை ஒருவரும் துணிகளை ஒருவரும் உட்கார்ந்து எழுதியதைப் போல இருக்கின்றன. அந்தச் சாலையில் இவ்விரண்டும் ஒரே நேரத்தில்தான் தேவைப்படும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாங் தாண்டி மோரே சமவெளியில், ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரத்தில், மாலை நான்கு மணிக்குப் பின்சக்கரம் பஞ்சர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. பிற்பகலுக்குப் பின் அங்கே காற்று நிற்பதில்லை. தடித்த கையுறையோடு வால்வு மூடியைத் திருக முடியாது. கழற்றிவிட்டு வெறுங்கையால் ஸ்பேனரைப் பிடித்தால், அந்த இரும்பு சில நிமிடங்களில் விரல்களின் சூட்டை உறிஞ்சிவிடும். அதே வேளையில் டயரோடு போராடும் உடம்பு ஜாக்கெட்டுக்குள் வியர்க்கும். அந்த உயரத்தில் மூச்சும் வாங்கும். முக்கால் மணி நேரம் கழித்து வேலை முடிந்து வண்டியில் ஏறினால், உள்ளே ஊறிய அந்த வியர்வைதான் அடுத்த ஐம்பது கிலோமீட்டருக்கு உங்களை நடுங்க வைக்கும்.

ஆகவே, ரப்பர் பூசிய மெல்லிய வேலைக் கையுறை ஒரு ஜோடி கருவிப்பைக்குள்ளேயே இருக்க வேண்டும். துணிப்பையின் அடியில் கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். பஞ்சர் சாமான்கள் அனைத்தும் வேறு எந்த மூட்டையையும் அவிழ்க்காமல் கைக்கு வர வேண்டும். வேலையைத் தொடங்குமுன் உள்ளாடைக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையில் அணியும் நடு அடுக்கு உடுப்பைக் கழற்றி நனையாமல் பையில் வைத்து, முடித்ததும் உலர்ந்த நிலையில் அணிந்துகொள்ள வேண்டும். முதல் முறை நான் சென்றபோது தேவையான எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் டியூப், வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் சேடில் பேக்கின் அடியில் இருந்ததால், மழையில் துணிகளையெல்லாம் வெளியே எடுத்து நனைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடிந்தது. அன்றிரவு உலர்ந்த காலுறை ஒன்றுகூட இல்லாமல் கூடாரத்தில் படுத்திருந்தேன்.

பட்டறைக்காரர் | ஜூலை 13

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். மலைக்குப் போகும் வண்டிகள் பல என்னிடம் வந்துதான் புறப்படுகின்றன. ஐயா சொன்னதோடு கருவிப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

முழு ஸ்பேனர் செட் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வண்டிகளையும் வாசலில் நிறுத்தி, கொண்டுபோகவிருக்கும் கருவிகளை மட்டும் ஒரு சாக்கின்மேல் பரப்புங்கள். வீட்டிலுள்ள வேறு எதையும் தொடாமல் இரு வண்டிகளின் நான்கு சக்கரங்களையும் கழற்றி, டியூபை வெளியே எடுத்து, திரும்ப மாட்டி, நீங்கள் எடுத்துச் செல்லும் பம்பாலேயே காற்றடியுங்கள். வண்டியில் படாத கருவி வீட்டில் இருக்கட்டும். கையில் இல்லாமல் திகைத்த இடம் எதுவோ, அந்தக் கருவியை வாங்குங்கள். பெரும்பாலும் சக்கரத்தின் அச்சு நட்டில்தான் திகைப்பீர்கள். சர்வீஸில் அதைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருப்பார்கள். குட்டையான ஸ்பேனர் அதை அசைக்காது. அன்றே தளர்த்தி, கையேட்டில் சொன்ன அளவுக்கு நீங்களே இறுக்கிவிட்டால் மலையில் நின்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியின் பின்சக்கரத்தை எதன்மேல் தூக்கி நிறுத்துவீர்கள் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகாவிட்டால், படுக்க வைத்த சக்கரத்தின்மேல் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை ஊன்றி அழுத்தினால் விலகும். இரண்டு வண்டிகள் இருப்பதால் உங்களுக்கு அந்த வசதி உண்டு.

டியூப்: இரண்டு வண்டிகளுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம் என்பதால் அதில் ஒன்று போதும். பின்சக்கரங்கள் 17, 18 அங்குலம். அவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு நெருக்கடியில் 21 அங்குல டியூபைக்கூட மடிப்பு விழாமல் பார்த்து நுழைத்து, மெதுவாக ஓட்டி அடுத்த ஊரை அடையலாம். ஒட்டுகளும் சொல்யூஷனும் கட்டாயம். ஒன்றை நினைவில் வையுங்கள்: குளிரில் சொல்யூஷன் காய நேரமாகும். விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்காமல் ஒட்டினால் அது நிற்காது. டியூபைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு ஒட்டுவது நல்லது. டயருக்குள் நிற்கும் முள்ளை விரலால் தடவித்தான் நாங்கள் தேடுவோம். விரல் மரத்துப் போயிருந்தால் முள் தெரியாது. பழைய துணியைச் சுருட்டி உள்ளே தடவினால் முள்ளில் துணி மாட்டிக்கொள்ளும்.

கிளட்ச் கேபிள் ஒன்றைப் பையில் வைப்பதைவிட, இப்போதே பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே புதியதையும் ஓட்டிக் கட்டிவிடுங்கள். அறுந்தால் இரு முனைகளை மட்டும் மாற்றினால் போதும். மரத்த கையோடு டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் தலா ஒன்று, ஃபியூஸ்கள், ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் பாக்ஸ் ஸ்பேனர், வால்வு ஊசியைத் திருகும் சாவி, செயின் இணைப்பு (செயினின்மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக), கட்டிங் பிளேயர், கட்டுக்கம்பி, ஜிப் டை, எம்-சீல் ஆகியவை போதும். டேப்பை உருளையாகக் கொண்டுபோகாமல் டயர் லீவரின் கைப்பிடியில் சுற்றிவிடுங்கள். இரும்பின் குளிரும் கையில் ஏறாது. ரப்பர் சொல்யூஷன் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் அனுமதி இல்லை. தில்லியிலோ மணாலியிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

வடக்குச் சாலை | ஜூலை 14

நான் சண்டிகரில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரி. இந்தச் சாலையில் ஜூனிலும் செப்டம்பரிலும் ஓட்டியிருக்கிறேன். உடைப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குகூட உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் குளிர் எவ்வளவு என்பதைப் புரிந்துகொள்வோம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. ஏறத்தாழ 2,050 மீட்டரில் இருக்கும் மணாலியில் 20 டிகிரி என்றால், 5,328 மீட்டரில் இருக்கும் தங்லங் லா கணவாயில் உறைநிலையை ஒட்டி இருக்கும். அதன்மேல் நீங்கள் ஓட்டும் வேகம் காற்றாக அடிக்கிறது. காற்று 5 டிகிரியில் இருக்கும்போது 60 கி.மீ. வேகத்தில் சென்றால், மூடாத தோலுக்கு அது கழித்தல் 2 டிகிரியைப் போலிருக்கும்; உறைநிலையிலேயே ஓட்டினால் கழித்தல் 9. எனவே உங்களுக்கு வேண்டியது முதலில் காற்றைத் தடுக்கும் ஓர் உறை, அதற்குள் காற்றைத் தேக்கிவைக்கும் மெல்லிய அடுக்குகள். கனமான கம்பளியைக் காற்று ஊடுருவிவிடும். நான்கு ஸ்வெட்டர்களையும் வீட்டிலேயே விடுங்கள்.

பருத்தித் தெர்மலையும் விடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். உடலோடு ஒட்டும் மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை இரண்டு ஜோடி, அதன்மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடை) ஒன்று, அதன்மேல் உங்கள் ரைடிங் ஜாக்கெட். சுருட்டினால் சொம்பளவு ஆகிவிடும் மெல்லிய பஞ்சு ஜாக்கெட் ஒன்றை இரவுக்கும் நெருக்கடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாத்து இறகு வைத்ததென்றால் நனையவே விடக்கூடாது, நனைந்த இறகு சூட்டைத் தேக்காது.

மழையுடுப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜாக்கெட்டுக்குள் பொருத்தும் ரெயின் லைனரை நம்பாதீர்கள். உடம்பு நனையாது என்பது உண்மைதான். ஆனால் வெளித்துணி ஊறிக் கனத்து, அந்த ஈரம் காற்றில் உலரும்போது உங்கள் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். ஜாக்கெட்டுக்கு மேல் அணியக்கூடிய, ஓர் அளவு பெரிய, பளிச்சென்ற நிறமுள்ள மழைக்கோட்டும் பேன்ட்டும் வாங்குங்கள். மழையில்லாத காலைகளிலும் காற்றைத் தடுக்கும் வெளியுறை அதுவே. சென்னை வெயிலுக்காக வாங்கிய வலைத்துணி ஜாக்கெட்டைக்கூட அந்த உறையோடு லே வரை ஓட்டிவிடலாம். குளிர்ந்த பிறகு அணிவதில் பயன் குறைவு. கணவாய் ஏறத் தொடங்குமுன்பே அணிந்துவிட வேண்டும்.

கைகளுக்கு மூன்று ஜோடி: தடித்த நீர்புகாக் கையுறை, வழக்கமான கையுறை, உள்ளே அணியும் மெல்லியது. அத்தோடு மருத்துவமனைகளில் அணியும் நைட்ரில் உறைகள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். எடையே இல்லாத அவை, வெளிக்கையுறை நனைந்த நாளில் உள்ளே அணிந்தால் விரலைக் காக்கும். எதையும் இறுக்கமாக அணியாதீர்கள். இரண்டு காலுறைகளைத் திணித்து பூட்ஸை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் குளிரும். ஜிங்ஜிங்பார் பக்கத்து ஓடைகளில் வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் கூடும் என்பதால் காலையிலேயே கடந்துவிடுங்கள். அப்படியும் நனைந்தால் உலர்ந்த காலுறை அணிந்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, பிறகு ஈர பூட்ஸுக்குள் காலை விடுங்கள்.

அடையாறு 411 | ஜூலை 14

அக்கா, ஐயா, பட்டறைக்காரர் அண்ணன், மூவருக்கும் நன்றி. மின்சாரத்தில் சூடாகும் உள்கோட்டும் கைப்பிடிச் சூடேற்றியும் வாங்கினால் இந்த அடுக்குகளில் பாதியைக் குறைக்கலாமே என்று தம்பி கேட்கிறான். அது சரியா?

பட்டறைக்காரர் | ஜூலை 15

நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடிச் சூடேற்றிக்கே பொதுவாக 30 முதல் 40 வாட் வேண்டும். ஹிமாலயனின் ஹெட்லைட் பல்புக்கு 55 முதல் 60 வாட். அத்தோடு உள்கோட்டும், ஃபோன் சார்ஜரும், கூடுதல் விளக்குகளும் சேர்ந்தால், ஏற்றத்தில் குறைந்த வேகத்தில் ஊரும்போது பேட்டரி வடியும். அங்கே காலையில் வண்டி கிளம்ப வேண்டுமென்றால் பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். உறைநிலையில் சாதாரண பேட்டரியின் திறன் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு போல் குறைந்துவிடும்.

வடக்குச் சாலை | ஜூலை 15

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கைப்பிடிச் சூடேற்றியை ரிலேயோடும் தனி ஃபியூஸோடும் முறையாகப் பொருத்தினால் அது மிகுந்த பயன் தரும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்கும் நேரம் நீள்கிறது. இதை வெறும் சுகம் என்று ஒதுக்க முடியாது. கைப்பிடியை மூடும் காற்றுத் தடுப்பும் இருந்தால் அதன் பயன் இரட்டிக்கும். ஆனால் தம்பி கேட்டதற்கு விடை, இல்லை என்பதுதான். மின்சாரச் சூட்டை நம்பி ஓர் அடுக்கைக்கூடக் குறைக்காதீர்கள். வண்டி நின்ற இடத்தில் அந்தச் சூடும் நின்றுவிடும். உங்களுக்குக் குளிராடை மிகுதியாகத் தேவைப்படும் நேரமும் வண்டி நின்ற நேரமே.

பட்டறைக்காரர் | ஜூலை 15

கைப்பிடி மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். உள்கோட்டு வேண்டாம்.

மேசைவிளக்கு | ஜூலை 17

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். டயர் காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 5,300 மீட்டரில் வளிமண்டல அழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. அழுத்தமானி உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டுகிறது; எனவே சென்னையில் 32 பி.எஸ்.ஐ. அடித்த டயர் அங்கே ஏழு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்வதால் ஏறத்தாழ நான்கு குறையும். ஆக மிஞ்சுவது மூன்றே. கரடுமுரடான பாதைக்காக நீங்களாகக் காற்றைக் குறைப்பது வேறு. மானியைப் பார்த்துப் பதறி இறக்க வேண்டாம். அங்கே இறக்கினால் கீழே வந்ததும் கட்டாயம் திரும்ப அடியுங்கள். மெல்லிய காற்றில் மின்பம்பு டயரை நிரப்ப அதிக நேரம் எடுக்கும், சூடாகும்; இடையிடையே நிறுத்துங்கள். கால்பம்பு ஒன்று மாற்றாக இருப்பது நல்லது.

இதே காரணத்தால் மூடிய புட்டிகள் உப்பும். ஷாம்பு, ஆயில், சொல்யூஷன் எல்லாவற்றையும் தனிப்பையில் கட்டுங்கள். பெட்ரோல் கேனைக் கழுத்துவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, மேலே சென்றதும் மூடியை மெல்லத் திறந்து ஆவியை விடுங்கள். வழியிலுள்ள தாண்டி என்னும் ஊரில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ. என்று அறிவித்த பலகையைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 15 லிட்டர் டேங்குக்கு அது எட்டும் தொலைவுதான் என்றாலும், எக்ஸ்பல்ஸின் டேங்க் 13 லிட்டர். ஐந்து லிட்டர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அது நாலு கிலோவுக்கும் குறைவு.

நீலகிரி வழி | ஜூலை 18

கட்டும் முறையைப் பற்றி. கருவிகள்தான் மூட்டையிலேயே கனமானவை. அவற்றைப் பின் கேரியரின் உச்சியில் கட்டினால் மணலிலும் சரளையிலும் முன்சக்கரம் இலேசாகி ஆடும். முன்புறக் கிராஷ் கார்டின் கீழ்ப்பகுதியிலோ, சேடில் பேக்கின் அடியில் முன்பக்கமாகவோ வையுங்கள். முதுகுப்பையில் ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். விழும்போது அது உங்கள் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

டேங்க் பேக்கில் இருக்க வேண்டியவை: உலர்ந்த காலுறை, உள்கையுறை, மங்கி குல்லா, தண்ணீர், வெல்லக் கடலை. மழையுடுப்பு எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே பன்ஜி கயிற்றுக்குக் கீழே. பவர் பேங்கும் ஃபோனும் பகலில் உள்சட்டைப் பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது கெடும். உங்கள் ஃபோன் ப்ரீபெய்டு என்றால் லடாக்கில் இயங்காது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் முதல் வாரம் என்றீர்கள். திரும்பி வருவது கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் பிற்பகுதியில் லாஹௌல் பகுதியில் பெய்த பனியில் பலர் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். இன்னொன்று: ஒருவன் நடுங்கி, பேச்சுக் குழறி, நடை தடுமாறினால் அது குளிராகவும் இருக்கலாம், உயரத்தின் பாதிப்பாகவும் இருக்கலாம். எதுவென்று ஆராய்ந்துகொண்டு நிற்காமல் அவனுக்குச் சூடான உடுப்பைப் போர்த்தி, இருவரும் உடனே கீழே இறங்குங்கள்.

புறப்படுமுன் ஒரு நாள் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறிப் பாருங்கள். ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். ஜூலை, ஆகஸ்ட் சாரலில் மழையுடுப்பின் தையல் எங்கே ஒழுகுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடையாறு 411 | ஆகஸ்ட் 10

ஊட்டி போய் வந்தோம். என் மழைக்கோட்டு கழுத்தில் ஒழுகியது, மாற்றிவிட்டேன். நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்ட முதல் நாள் ஐந்து மணி நேரம் ஆயிற்று, அடுத்த வாரம் இரண்டரை. ஹிமாலயனின் அச்சு நட்டை எங்கள் ஸ்பேனரால் அசைக்க முடியவில்லை. நீண்ட கைப்பிடி வாங்கினோம். இப்போது கருவிகள் 6 கிலோ, உடைகள் 9 கிலோ.

அடையாறு 411 | அக்டோபர் 2

நலமாகத் திரும்பினோம். நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாரலாச்சா லா கணவாயில் ஆலங்கட்டியும் பனியும் கலந்து பெய்தன. ஏற்றத்துக்கு முன்னுள்ள ஜிஸ்பாவிலேயே மழையுடுப்பை அணிந்திருந்ததால் உடம்பு நனையவில்லை, கையுறை நனைந்தது. நைட்ரில் உறைகளால்தான் சார்ச்சு வரை பிரேக்கை உணர்ந்து பிடிக்க முடிந்தது. அடுத்த நாள் பாங் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டரில் தம்பியின் பின்சக்கரம் பஞ்சர். ஐயா எழுதியிருந்த அதே இடம், கிட்டத்தட்ட அதே நேரம். ஃபிளீஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஹிமாலயனைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, மழைக்கோட்டை அதன்மேல் விரித்துக் கட்டிக்கொண்டது பெரிய உதவி. முள் துணியில்தான் மாட்டியது. என் விரலுக்குத் தெரியவே இல்லை. ஒட்டு நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் மறுபடியும் காற்று இறங்கியதால் 18 அங்குலப் புது டியூபை மாட்டினோம். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிடம். ஃபிளீஸை உலர்வாக மீண்டும் அணிந்தபோது உண்டான நிம்மதியை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை.

லீவர்கள், ஸ்பார்க் பிளக், செயின் இணைப்பு, எம்-சீல் ஆகியவை தேவைப்படவில்லை. ஆயினும் அடுத்த முறையும் எடுத்துச் செல்வேன். கால்பம்பை மட்டும் இன்னும் நல்லதாக வாங்க வேண்டும். மின்பம்பு சூடாகி இருமுறை நின்றது. சேடில் பேக்கின் பட்டை ஒன்று சைலன்ஸரில் பட்டு உருகிவிட்டது. கட்டுக்கம்பியால் லே வரை சமாளித்தோம்.

பட்டறைக்காரர் | அக்டோபர் 2

நல்லபடியாக வந்து சேர்ந்ததில் மனம் நிறைந்தது. அந்தப் பழைய டியூபை எறிந்துவிடாதீர்கள். ஒட்டை மெல்ல உரித்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பளபளப்பாக, சுத்தமாகக் கழன்று வந்தால் சொல்யூஷன் காயுமுன் ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது டியூபை உரசியது போதவில்லை. ஓரத்தில் மட்டும் கிழிந்திருந்தால் ஒட்டு சிறியது.

அடையாறு 411 | அக்டோபர் 3

அண்ணா, உரித்தேன். முழுதாகச் சுத்தமாகக் கழன்றது. அதன் அடியில் டியூபின் அச்செழுத்துகூட அழியாமல் இருந்தது. நாங்கள் உரசவே இல்லை. உரசும் தகடு டப்பாவுக்குள்தான் இருந்திருக்கிறது, கையுறையோடு எடுக்க முடியாத ஒரு மூலையில். இப்போது அதற்கு ஒரு நூலைக் கட்டி வெளியே தொங்கவிட்டிருக்கிறேன்.